இன்னும் ஓரடி

ஜூன் 8
விடிந்ததிலிருந்து மண்வெட்டிச் சத்தம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று பேசிவைத்து, தூர்ந்துபோன குளத்தைத் தெருவே சேர்ந்து வெட்டுகிறோம். எல்லாரையும் கூட்டியது என் வீட்டுக்காரர். பட்டறையில் இரும்புக் கதவு பற்றவைக்கிறவருக்குக் குளத்தின் மேல் என்ன காதலோ. என் மேல் இவ்வளவு இருந்ததாக நினைவில்லை. ஆனால் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். தையல் மெஷினை மூடிவிட்டு நானும் மண் சுமந்தேன்.

ஜூன் 22
வண்டல் தீர்ந்து களிமண் தெரிந்தது. எல்லாரும் போதும் என்றார்கள். இவர்தான் விடவில்லை. "இன்னும் ஓரடி போனா நெறைய தண்ணி நிக்குமே." போனோம்.

ஜூலை 19
மழை. குளம் நிறைந்தது. இவர் நனைந்துகொண்டே கரையில் நின்றார். கூப்பிட்டும் வரவில்லை.

ஜூலை 27
குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீரைத் தாங்கி நின்றதே அந்தக் களிமண்தான். அதையும் வெட்டி எடுத்துவிட்டோம். கீழே வெறும் மணல். அத்தனையும் இறங்கிப்போச்சு.
எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "உன் வீட்டுக்காரர் பேச்சக் கேட்டு முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம்" என்றாள். இவர் உள்ளேதான் இருந்தார்.

ஆகஸ்ட் 3
யார் முகத்திலும் விழிக்காமல் பட்டறைக்குப் போய் வருகிறார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. "என்னாலதானே" - வேறு பேச்சில்லை. என்ன சொல்லித் தேற்றுவேன்? எனக்கே கோபம் இருக்கிறதே. இல்லை, கோபமில்லை. பாவமா இருக்கு. அந்த மனுஷன் தனக்காகவா கேட்டாரு?

ஆகஸ்ட் 10
மறுபடி மழை. மறுபடி வடிந்தது.

ஆகஸ்ட் 24
எதிர்வீட்டு அக்கா வந்தாள். சண்டைக்குத்தான் என்று நானும் தயாராகத்தான் எழுந்தேன்.
"அவரக் கொஞ்சம் வரச் சொல்லு. எங்க கிணத்துல தண்ணி ஊறியிருக்கு."
அவள் வீட்டுப் பக்கம் பள்ளம். அங்கே எல்லாக் கிணறுகளிலும் ஊறியிருக்கிறதாம். குளத்தில் நிற்காத தண்ணீர் மண்ணுக்குள்ளேயே நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.
இவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கிணற்றடிக்கு வந்தும் எட்டிப் பார்க்கப் பயம். "நீயே இறைச்சுப் பாரு" என்றார். வாளியை விட்டேன். அது தண்ணீரைத் தொட்டபோது பாதிக் கயிறு என் கையிலேயே மிச்சமிருந்தது. அந்தக் கயிற்றை அவரிடம் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.