பேப்பர் இல்லாத டீக்கடை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி,
3 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி சந்திரமோகனுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மேனகாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் "சரி வுடுக்கா, சரி வுடுக்கா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் கம்பெனி நாட்சுடர் டிவியில் நம் கவிநிலாவைக் காட்டியதைப் பார்த்தேன் என்று நீயே சொன்னாய். காட்டாததை நான் சொல்கிறேன், கேள். அன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் அஞ்சாறு பேர் பிள்ளைச்சாவடி கடலுக்குப் போனார்கள். வெற்றிச்செல்வன் என்ற பையன் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன், அலையின் இழுப்பில் மாட்டிக்கொண்டான். மற்ற பிள்ளைகள் கரையில் நின்று அலறின. உன் அக்கா மகள் ஓடினாள். எங்கே ஓடினாள்? படகு கிடக்கிற இடத்துக்கு ஓடினாள். அந்த இழுப்பில் குதித்தால் ஒரு பிணம் இரண்டு பிணமாகும் என்று நம் ஊரில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். "ஒருத்தன் மாட்டினா தண்ணியப் பாக்காத, படகப் பாரு" என்று அப்பா நமக்குச் சொல்லித்தானே வளர்த்தார்? அவள் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு படகிலேயே திரும்பி வந்தாள். அவனைத் தூக்கிக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் உயிர் போய்விட்டது.

பக்கத்து ரிசார்ட் கேமராவில் அவள் ஓடுவதும் இருக்கிறது, படகில் வருவதும் இருக்கிறது. உன் நாட்சுடர் ஓடுகிற துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டது. 'தவித்த நண்பனை விட்டு ஓடிய மாணவி!' சாயங்காலம் டிவியில், காலையில் பேப்பரில். முகத்தை மங்கலாக்கினார்களாம், பெரிய தர்மவான்கள்! போட்டிருந்த சுடிதாரையும் நடையையும் மங்கலாக்க முடியுமா? தெருவே கண்டுபிடித்துவிட்டது. பெண் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வாசலுக்குக்கூட வருவதில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனிமேல் நம் டீக்கடையில் நாட்சுடர் பேப்பர் கிடையாது. வீட்டில் அந்த டிவி கிடையாது, வார இதழ் கிடையாது, எஃப்.எம். கிடையாது. நாட்சுடர் காலண்டரைக்கூடக் கழற்றி அடுப்பில் போட்டேன். உன் மாமா இன்றைக்கு என்ன கிழமை, ராகு காலம் எப்போது என்று தெரியாமல் முழிக்கிறார். முழிக்கட்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வெட்டாத படத்தை அதே டிவியில், அதே நேரத்தில் போட வேண்டும். நீ உள்ளே இருக்கிறவன். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன். போய்க் கேள்.

அன்புடன்,
அக்கா அமுதவல்லி


சென்னை,
12 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மாமாவையும் கேட்டதாகச் சொல். உன் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்தேன், இரண்டு தடவை. கவியை நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. அவளைக் குறை சொன்னவன் வாய் அழுகட்டும்.

ஆனால் அக்கா, நான் விளம்பரப் பிரிவில் இருப்பவன். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பேப்பரில் இடம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. செய்திப் பிரிவு வேறு மாடி, வேறு உலகம். இருந்தாலும் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பேரப் போட்டோமா சார்? மூஞ்சியக் காட்டினோமா? யாருன்னே சொல்லாதப்ப யாருக்கு மறுப்பு போடறது?" என்றார். என் மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

நீ பேப்பரை நிறுத்தியது பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இது எருமை மாட்டின் மேல் மழை பெய்கிற கதைதான். ஒரு டீக்கடை, பத்து டீக்கடை வாங்காவிட்டால் முதலாளிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. யாருக்குத் தெரியும் சொல்லு? உங்கள் ஏஜெண்ட் சுப்பிரமணியன் அண்ணனுக்குத் தெரியும். விடியற்காலையில் சைக்கிளில் கட்டு சுமக்கிற அந்த மனுஷன் வயிற்றில்தான் அடி விழும். கடைக்கு வருகிறவர்களும் பேப்பர் இருக்கிற கடைக்குப் போய்விடுவார்கள். யாரைத் தண்டிக்கிறாய் அக்கா? உன்னையேதான். கொஞ்ச நாள் பொறு. ஜனங்களுக்கு நாளைக்கு இன்னொரு செய்தி வந்துவிடும், இதை மறந்துவிடுவார்கள்.

என்றும் உன் தம்பி,
சந்திரமோகன்


முத்தியால்பேட்டை,
20 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அவள் எப்படியடா மறப்பாள்? அதை எழுதினாயா?

நீ சொன்னது ஒரு பங்கு உண்மை. கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. "பேப்பர் இல்லாத டீக்கடயும் சாமி இல்லாத கோயிலும் ஒண்ணுதான்க்கா" என்று என் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். வேறு பேப்பர் வாங்கிப் போட்டேன். அதில் ராசிபலன் சரியில்லையாம்! இவர்களுக்கெல்லாம் நாட்சுடர் சொன்னால்தான் சனி விலகும். உன் மாமா பாய்லர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நான் கண்டுகொள்வதில்லை.

சுப்பிரமணியன் அண்ணனைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். அவர் வந்து, "அந்தப் பேப்பரு போனா போவுது, வேற பேப்பருலயும் எனக்குக் கமிஷன் உண்டும்மா" என்று சொல்லிவிட்டு ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். முதலாளிக்குப் பரிந்து பேசும்போதெல்லாம் ஏழையை முன்னால் நிறுத்துவது உங்கள் பேப்பர் வழக்கம். உனக்கும் தொற்றிக்கொண்டது.

இன்னொன்றும் கேள். இந்தத் தெருவில் சலூன், மளிகைக்கடை, அந்த முனை டீக்கடை எல்லோரும் நாட்சுடரை நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? வெற்றிச்செல்வனின் அப்பா பாலகுரு கடைக்கு வந்தார். நான் பயந்துபோய் நின்றேன். அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உம் பொண்ணு ஓடலன்னா எம்புள்ளய நான் பொணமாத்தாம்மா பாத்திருப்பேன். மூச்சோட இருந்தவன் பக்கத்துல ஒரு ராத்திரி உக்காந்திருந்தேன். அது போதும்." பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் சொல்கிறார்! இதை எந்தக் கேமரா எடுத்தது? அன்றைக்குச் சாயங்காலம் கவி முதல் தடவையாக வாசல் வரைக்கும் வந்து நின்றாள். உன் முதலாளிக்குத் தெரியாவிட்டால் போகட்டும். தன் பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பேப்பரை நிறுத்தினது எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

மார்ச் ஒன்பதாம் தேதி அம்மாவுக்கு வருஷத் திதி. மேனகாவோடு முந்தின நாளே வந்துவிடு. கவி உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள்.

அக்கா அமுதவல்லி


சென்னை,
28 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

வருஷக் கணக்கு முடிகிற மாதம், லீவு கிடைக்கவில்லை. திட்டாதே. பக்கத்துக் கோயிலில் அம்மாவுக்கு அர்ச்சனை செய்துவிடுகிறேன். ஆனால் அம்மாவுக்கும் கவிக்கும் சேர்த்து இங்கிருந்தே ஒரு காரியம் செய்யப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கே தெரியும். தெரிந்ததும் உன் கோபம் ஆறிவிடும் பார்.

உன் தம்பி,
சந்திரமோகன்


முத்தியால்பேட்டை,
11 மார்ச் 2025

சந்திரமோகனுக்கு,

தெரிந்தது.

அம்மா படத்துக்கு மாலை போட்டு, இலையில் படையல் வைத்து, கற்பூரம் ஏற்றுகிற நேரம். எதிர்க்கடைக்காரர் நாட்சுடரை மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்னா அமுதா, எங்கள எல்லாம் பேப்பர் வாங்காதீங்கன்னுட்டு நீ மட்டும் கால் பக்கத்துக்கு வெளம்பரம் குடுத்திருக்க?" என்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. தில்லையம்மாள். கீழே இங்ஙனம் என்று போட்டு உன் பெயர், என் பெயர், உன் மாமா பெயர். அதற்கும் கீழே, பேத்தி கவிநிலா, கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பாவி! அவர்கள்கூடப் பெயர் போடவில்லையடா. முகத்தை மங்கலாக்கி, பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். இந்தத் தெருவுக்கு வெளியே அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. நீ போட்டாய். பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் கட்டம் கட்டிப் போட்டாய். மறுநாளே எவனோ அந்த ஓடுகிற வீடியோவையும் உன் விளம்பரத்தையும் ஒன்றாகச் சேர்த்து, 'ஓடினவ பேரு இதுதான்' என்று போனில் அனுப்ப ஆரம்பித்துவிட்டான். கடலூரிலிருந்து என் ஓரகத்தி கூப்பிட்டுக் கேட்கிறாள். கவியின் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கிறது.

மளிகைக்கடையில் மறுபடியும் நாட்சுடர் தொங்குகிறது. முனை டீக்கடையிலும். "நீங்களே வெளம்பரம் குடுக்கறீங்க, நாங்க மட்டும் எதுக்குக்கா வெரதம் இருக்கணும்?" என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல? என் தம்பிதான் கொடுத்தான், எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப இவர்கள் என்ன பைத்தியமா?

வாசல் வரைக்கும் வந்தவள் மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படையல் இலையை யாரும் தொடவில்லை. காக்காய்க்கு வைத்தது மட்டும்தான் போனது.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

அமுதவல்லி


சென்னை,
19 மார்ச் 2025

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவளை அந்தப் பேப்பரில்தானே கேவலப்படுத்தினார்கள்? அதே பேப்பரில் அவள் பெயர் மரியாதையாக வரட்டும், நல்ல குடும்பத்துப் பெண், படிக்கிற பெண், ஆயாவை நினைத்து அஞ்சலி செலுத்துகிற பெண் என்று நாலு பேர் படிக்கட்டும் என்று நினைத்தேன். என் கையாலேயே எழுதி, நானே புரூஃப் பார்த்து அனுப்பினேன். எத்தனையோ வீட்டுச் சாவுக்கு இடம் பிரித்துக் கொடுத்த எனக்கு நம் வீட்டுக்கென்று ஒரு இடம் எடுத்தது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது அக்கா, பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம்கூட வேறு மாதிரி தோன்றவில்லை.

நான் கவியின் காலில் விழுகிறேன். செய்திப் பிரிவுக்கு மறுபடியும் போனேன். இப்போதுதான் பெயர் வெளியே வந்துவிட்டதே, இப்போதாவது முழுப் படத்தைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். "பேர நாங்க போடலியே, நீங்க குடுத்த வெளம்பரம்தானே சார்" என்றார்கள். அந்த இடத்திலேயே ராஜினாமாவை எழுதி மேசைமேல் எறிந்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் மேனகாவுக்கு வேலை இல்லை. பையனை இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். எனக்கு இந்த வயதில் வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? என் ஒருவனால் அந்த மலை அசையவா போகிறது?

ஏப்ரலில் நாலு நாள் லீவு எடுத்து வருகிறேன். நேரில் வந்து பேசினால் எல்லாம் சரியாகும். வரட்டுமா?

சந்திரமோகன்


முத்தியால்பேட்டை,
6 ஏப்ரல் 2025

சந்திரமோகனுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடனே எழுதியிருந்தால் என் கையிலிருந்து என்னென்னவோ வந்திருக்கும். அதனால் தள்ளிப்போட்டேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் என் வயிறு எரிகிறது. எதிரி செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நாட்சுடரில் ஒரு பெயர் வந்தால் அதுதான் மரியாதை என்று உனக்கு எப்படியடா தோன்றியது? பொய் சொன்னதும் அவர்கள், மரியாதை கொடுப்பதும் அவர்களா? பாலகுரு வந்து நின்று சொன்னாரே, அதைவிடவா உன் கால் பக்கம்?

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். போன திங்கட்கிழமை உன் மாமாவுக்குக் காய்ச்சல். பால் காய்ச்ச நான், கல்லாவில் ஆளில்லை. கவி தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். எங்கே பேசினால் எழுந்து போய்விடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டு பாலைக் கிண்டினேன். வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒருத்தன் வெட்கமில்லாமல் கேட்டே விட்டான்: "ஓடுனது நீதானம்மா?" என் கையில் கரண்டி இருந்தது, அடித்தே இருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஆமாண்ணா, நான்தான் ஓடுனேன். ஓடுனதாலதான் படகு வந்துச்சு." அவன் டீயை அவசரமாகக் குடித்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் பெரியவர் ஒருவர் நாட்சுடரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வந்தார். எதிர்க்கடையில் வாங்கினதை இங்கே படிக்க வந்திருக்கிறார். கவி, "ஐயா, டீ தரேன். அந்தப் பேப்பர மட்டும் வெளிய வெச்சுட்டு வாங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் வண்டி சீட்டில் அதை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் கடையின் சட்டம். சிலர் வைத்துவிட்டு வருகிறார்கள். சிலர் முறைத்துக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள்தான் அதிகம், உன்னிடம் எதற்குப் பொய். நாட்சுடர் சாயவில்லை, சாயப்போவதும் இல்லை. கவி நாளையிலிருந்து கல்லூரிக்குப் போகிறேன் என்றிருக்கிறாள்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். கவியிடம் கேட்டேன். "மாமா மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா கடைக்கு ஒரு சட்டம், வூட்டுக்கு ஒரு சட்டமா?" என்றாள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

அந்தப் பெரியவருக்குச் சொன்னதுதான் உனக்கும். நாட்சுடரை வெளியே வைத்துவிட்டு வா. மேனகாவுக்கு வேலையில்லை, பையனை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாய், எல்லாம் தெரியும். அதனால் நீ வரமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அமுதவல்லி