உனக்காகப் பேசியவள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். மழை வந்தால் மட்டும் அவருடைய முழங்கால் முரண்டு பிடிக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. சட்டைப் பொத்தான்களைத் தனியாகப் போட இருபது நிமிஷம் ஆகிறது, அதனால் அரை மணி முன்னதாகவே எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் விரல்கள் பரபரத்தன. பழக்கதோஷம். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கும், பார்த்து மாற்றிக்கொள்.

நேற்று அலமாரியைச் சுத்தம் செய்தபோது உன் பழைய பள்ளிக்கூடப் பை கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே நடந்த நாள்களெல்லாம் ஞாபகம் வந்தன. உன் கைகாலைப் போலவே நாக்கும் உன் பேச்சைக் கேட்காது. நாலு வயதில் முதல் முதலாக "ண்ணீ" என்றாய். தண்ணீர் என்று எனக்கு மட்டும்தான் புரிந்தது. எனக்கு எத்தனை பெருமை தெரியுமா! அன்றிலிருந்து டாக்டர், டீச்சர், கடைக்காரர் என்று எல்லாரிடமும் உனக்காக நானே பேசினேன். நீ பாதி சொல்வதற்குள் மீதியை முடித்துவிடுவேன். 'வக்கீலம்மா' என்று அப்பா கேலி செய்வார்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குக் கூப்பிட்ட அன்றும் அப்படித்தான். மேலாளரின் கேள்வி உனக்கு, பார்வை எனக்கு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை நீ பக்கத்தில் இருக்க, நான் வாயைத் திறந்துவிட்டேன். நீ நிறுத்தி நிதானமாக, "அம்மா, நீ வெளியில இரு. நான் பேசிக்கிறேன்" என்றாய். நாற்பது நிமிஷம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ வேலையோடு வெளியே வந்தாய். நானோ பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் காய்கறி வாங்கப் போயிருந்தபோது நீ போன் செய்தாயாமே. திரும்பி வந்தால், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போனேன். பார்த்தால், சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்! "அவன் ஜோக் அடிக்கிறான்டி! முதல்ல ஒண்ணும் புரியல. மறுபடி சொல்லுடான்னேன், சொன்னான். மூணாவது தடவை புரிஞ்சிருச்சு" என்றார். என்ன ஜோக் என்று கேட்டேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள என்று சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. நீ என்ன சொல்கிறாய் என்று இத்தனை வருஷமாக அவர் என்னைத்தான் கேட்டார். மறுபடி சொல்லுடா என்று உன்னைக் கேட்க நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணா. ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் ஐந்து மணிக்கே போன் செய். நான் அப்போது கடையில் இருப்பேன். காய்கறி வாங்க எனக்கு இனிமேல் ரொம்ப நேரம் ஆகும்.

உன் அம்மா