எருக்கிலை நிற்காத தலை

அன்பு மகளுக்கு, திருமலையான் அருள் முன்னிற்க.

மொராக்கோவின் பாலைவனத்தில் நீங்கள் நிறுத்தும் சூரியத் தகடுகளைப் படத்தில் கண்டேன். கடல்போல் விரிந்து கிடக்கின்றன. இங்கே விஜயபுரத்தில் ஆதித்தன் மேற்கே சாயும்போது அங்கே நடுப்பகல் என்றாய். அதுமுதல் மாலை வந்தனத்தை உன்னிடம் அனுப்பிவைப்பதாகவே எண்ணுகிறேன்.

முந்தாநாள் தொலைபேசியில் கேட்டாய்: "நைனா, ஆடியில பெருமாளுக்குக் குடுத்த முடி தை வந்தும் அம்மாவுக்கு ஏன் முளைக்கல?"

உன் அம்மா பேசியைப் பறித்து, "என் மொட்டை அவருக்குப் புடிச்சிப்போச்சிடி, மறுபடியும் கேட்டாரு" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

பேசியை வைத்த பிறகு என்னிடம், "அங்க கரண்டு ஓடற வரைக்கும் அவ இருக்கட்டும். நீங்க எதுனா எழுதினீங்கன்னா, உங்க கையால தண்ணிகூட குடிக்கமாட்டேன்" என்றாள்.

பெருமாள் பெயரால் பொய்யுரைக்க என் கை எழவில்லை. அவள் சொல்லை மீறவும் துணிவில்லை. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆடி தொடங்கி மாதந்தோறும் இருவரும் திருப்பதிக்குப் போய்வருகிறோம். ஒருமுறையும் மலை ஏறவில்லை. நேற்றுத் திரும்பியபோது, மருந்தேற்ற ஊசிக்குழாய் குத்திய இடம் அவள் கையில் கன்றியிருந்தது.

இன்று ரதசப்தமி. அவளைக் கிழக்கு நோக்கி அமர்த்தி, வழக்கப்படி தலையில் எருக்கிலை வைத்து நீர் வார்த்தேன். பிடித்து நிறுத்த ஒரு மயிரிழையும் இல்லாமல் இலைகள் வழுக்கி விழுந்தன. ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி ஊற்றினேன்.

"எம்பொண்ணு பங்கு இலையும் வையுங்க" என்றாள்.

வைத்தேன். என் இரு கைகளும் போதவில்லை, மகளே.

இப்படிக்கு,
உன் நைனா