கீழ்த்தட்டுப் பேய்ப் படங்கள்

பெட்டியைத் திறந்ததும் மிளகாய்த்தூள் மணத்தது. வீடியோ கசெட் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் எப்படி மணக்கும் என்று வேறு யாரும் கேட்கலாம். நீர் கேட்கமாட்டீர். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நீர் வேலை செய்த பலசரக்குக் கடையை மூடுகிறார்கள். வாசலில் ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் பழைய ஆங்கிலக் கசெட்டுகளைக் கொட்டி, விரும்பியவர்கள் எடுத்துப் போகலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். குனிந்து கிளறினேன். அடியில், லேபிளில் நீலப் பேனாவால் ஐந்து புள்ளி போட்ட கசெட் கிடந்தது. கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, களவெடுத்தவள் போல வீட்டுக்கு ஓடி வந்தேன்.

இன்று ஹலோவீன். நீர் போய் ஏழு மாதம்.

அந்தப் புள்ளிகள் என்னவென்று இனி எனக்கு மட்டும்தான் தெரியும். எண்பதுகளின் கடைசியில், எங்கோ மூடிப்போன வீடியோக் கடை ஒன்றிலிருந்து உம்முடைய முதலாளி ஒரு கட்டுப் பேய்ப் படம் அள்ளிக்கொண்டு வந்தார். தமிழ்ப் படங்களை மேல்தட்டில் அடுக்கினார். இவற்றை மிளகாய்த்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டில் போட்டார். சனம் தமிழ்ப் படத்துக்கு அடிபட்டது. கீழ்த்தட்டை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பார்த்தீர். எத்தனை இடத்தில் நெஞ்சு திக்கென்றதோ அத்தனை புள்ளி வைத்தீர், அடுத்து எடுக்கிற ஆளுக்கு உதவட்டும் என்று. அடுத்த ஆள் ஒருநாளும் வரவில்லை. நான்தான் வந்தேன்.

"எல்லாரும் எடுக்கிற படத்தில ஆர் சாவினம் எண்டு முதலே தெரியும்," என்பீர். "ஆரும் எடுக்காத படத்திலதான் ஒருத்தரையும் நம்பேலாது."

எனக்கு விடியப்புறம் கம்பனிக் கந்தோர்களைத் துடைக்கிற வேலை. பதினொரு மணிக்கு வந்துவிடுவேன். உமக்குக் கடையில் ஒரு மணி வரை. பள்ளிக்கூடம் விட முன் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில், என் முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மிக்சரைக் கொறித்துக்கொண்டு எத்தனை பேர் கொத்துப்பட்டுச் சாவதைப் பார்த்தோம்! உம்முடைய வீட்டில் ஏன் பார்ப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "எங்கட டெக் பழுது," என்றீர். அதை உம்முடைய புருசன் சுவரில் எறிந்து உடைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாலு புள்ளிப் படம் நினைவிருக்கிறதா? மழைக்காலம், கடற்கரை ஊர், ஆளில்லாத விடுதி. விடுதி முதலாளி வருகிறவர்களைக் கோடரியால் கொத்துகிறான். ஆனால் படம் அவனைப் பெரிதாகக் காட்டாது. காலையில் அறை துடைக்க வருகிற வேலைக்காரியைத்தான் காட்டும். சுவரைத் துடைக்கிறாள், கட்டில் காலைத் துடைக்கிறாள், தரையில் கிடந்த ஒரு பல்லைப் பொறுக்கித் தன் சட்டைப் பைக்குள் போடுகிறாள். நான் மிக்சரைத் தள்ளி வைத்தேன். நீரோ முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தீர்.

"பாரும், பச்சைத் தண்ணியில துடைக்கிறாள். சுடுதண்ணி ஊத்தினா இரத்தம் அவிஞ்சு பிடிச்சிடும், பிறகு லேசில போகாது. படம் எடுத்தவனுக்கு விசயம் தெரியும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பொம்பிளையளுக்குத் தெரியாதே?" என்று சிரித்தீர். நானும் சிரித்தேன். மடைச்சி, வேறென்ன சொல்ல.

மற்றது அந்தக் குளத்து ஜந்து. அதன் முதுகில் வேச உடுப்பின் ஜிப் தெரியும்; சிரித்துச் சிரித்து எனக்கு மிக்சர் புரையேறியது. அதற்கும் நீர் மூன்று புள்ளி வைத்திருந்தீர். தொடக்கத்திலேயே சாகிற ஒருத்திக்காக. ஜந்து அவளின் தொண்டையைப் பிடித்து நெரிக்கும். அவள் வாயைத் திறப்பாள், சத்தம் வராது. "மற்றப் படங்களில எல்லாரையும் குழற விடுகினம்," என்றீர். "உண்மையா அடி விழேக்கை சத்தம் வராது. இவளுக்கு அது தெரிஞ்சிருக்கு." அன்று நல்ல வெயில். நீர் கழுத்துவரை பூட்டிய சட்டையோடு இருந்தீர்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அது பச்சைப் பொய். தெரியும். உமது வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் நாலு வாசல். அந்த நாலு வீட்டுக்காரருக்கும் தெரியும். படியில் விழுந்தேன் என்று நீர் சொன்னபோதெல்லாம், "கவனமா இறங்கும்" என்று புத்தி சொன்ன பெரிய மனுசி நான்.

அந்த ஐந்து புள்ளிப் படத்தை மட்டும் பகலில் பார்க்க நீர் விடவில்லை. "இதை ஹலோவீன் அண்டைக்கு, லைற்றை நூத்துப்போட்டுப் பாக்கவேணும். அந்தக் கிழமை அந்தாளுக்குப் பின்னேர ஷிப்ட். நான் ஏழு மணிக்கு வாறன்." கசெட்டை முதலே என்னிடம் தந்துவிட்டு, சின்னப்பிள்ளை போல நாள் எண்ணினீர். அன்று மூன்று மணிக்கு டெலிபோன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினீர். "அந்தாள் வேலைக்குப் போகேல்லை. நான் வரேல்லை. நீர் பாரும். முடிவில கண்ணை மூடாதையும்."

எங்கள் தெருத் தமிழ்ச் சனம் ஹலோவீனை எப்படிக் கொண்டாடியது என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஆளில்லாத வீடு மாதிரி மூச்சுக்காட்டாமல் இருப்பதுதான் எங்கள் கொண்டாட்டம். முதல் வருடம், பேய் வேசம் போட்டு இனிப்புக் கேட்டுத் தட்டிய பெடியள் கதவில் முட்டை அடித்தார்கள். அடுத்த வருடம் கடிதம் போடுகிற துவாரத்தால் எரிகிற கடதாசியைத் தள்ளினார்கள், கம்பளம் கருகியது. அதிலிருந்து என் மனிசன் சட்டம் போட்டுவிட்டார்: "ஆர் தட்டினாலும் திறக்கிறேல்லை." எப்படியும் இருட்டில்தானே இருக்கப்போகிறோம் என்று அவரும், எங்கள் பன்னிரண்டு வயது மகளும், நானும் அந்தப் படத்தைப் போட்டோம்.

சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிடும். வெளிச்சம் போகும். திரும்பி வரும்போது ஓர் இருக்கை வெறுமையாக இருக்கும், அதில் இரத்தம் மட்டும் வடியும். மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். நாலாவது ஆள் போன நேரம் யாரோ எங்கள் கதவைத் தட்டினார்கள்.

உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். என் மனிசன் விரலை உதட்டில் வைத்தார். நான் டிவிச் சத்தத்தைக் குறைத்தேன். திரும்பவும் அடி, இந்த முறை கீழே. பிறகு கடிதத் துவாரத்தின் மூடி உயர்ந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து நடையும் கதவும் நேராகத் தெரியும். நாலு விரல் உள்ளே வந்தது. முழுக்கச் சிவப்பு. ஒரு விரலின் நகம் பிய்ந்து தொங்கியது.

"நல்ல மேக்கப், அம்மா," என்றாள் மகள், காதுக்குள்.

அடக்கி வைத்திருந்த சிரிப்பு எனக்கு வெடித்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அந்த விரல்கள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக வெளியே போயின. மூடி விழுந்தது. நாங்கள் படத்தைத் தொடர்ந்து பார்த்தோம்.

சோறு ஆறிப்போய்விட்டது என்பதற்காக அவன் பிரஷர் குக்கர் மூடியால் உமது முகத்தில் அடித்திருக்கிறான். தாடை உடைந்தது. விழுந்தவரின் தொண்டையை நெரித்திருக்கிறான்; அதுதான் எங்கள் வாசலில் உமக்குச் சத்தம் வரவில்லை. பின்கதவால் வெறுங்காலோடு ஓடி வந்து, தெருவில் இத்தனை வீடு இருக்க, என்னுடைய கதவைத் தட்டினீர். பிறகு பெருந்தெருவுக்குப் போயிருக்கிறீர். முகமூடி போட்ட பெட்டைகள் கைதட்டினார்களாம். பஸ் சாரதி கதவைத் திறந்து, இன்றைக்குக் கண்டதில் முதல் பரிசு உனக்குத்தான் என்றானாம். கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் நாய் உம்மை மோந்து குரைக்க, அவள் கிட்ட வந்து பார்த்து, இது சாயமில்லை என்று கத்தி, தன் கோட்டைக் கழற்றி உம்மைச் சுற்றினாளாம். நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் இருட்டோடு வேலைக்குப் போனதால் வாசலை நான் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு வந்தபோது கண்டேன். இரவு பெய்த மழை தெருவைக் கழுவியிருந்தது. எங்கள் வாசற்படிக்குக் கூரை இருந்ததால் படியில் மட்டும் அப்படியே கிடந்தது. "நாசமாப் போன பெடியள், பெயின்ற் கொண்டுவந்து ஊத்தியிருக்கிறாங்கள்" என்று திட்டிக்கொண்டு கேத்திலைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். ஆவி எழும்பியது. அதோடு ஒரு மணமும் எழும்பியது. சிவப்பு மண்ணிறமாகி, அவிந்து, கல்லில் பிடித்தது. கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றேன். பெயின்ற் அவியாது.

இதுவரை நடந்ததை அறியாமல் செய்த பிழை என்று சொல்லலாம். இனிச் செய்ததை அறிந்துதான் செய்தேன். உள்ளே போய் வாளியில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து, தேய்க்கிற தூரிகை எடுத்து, முழங்காலில் இருந்து, ஒரு துளி மிச்சமில்லாமல் தேய்த்தேன். மூன்று மணிக்குப் பொலிஸ் வந்தது. உமக்கு என்ன நடந்தது என்று சொன்னார்கள். நேற்று மாலை எதையாவது கண்டீர்களா, கேட்டீர்களா? எங்கள் அகதி விண்ணப்பம் அப்போது இன்னும் முடியவில்லை. "கோட்டுக்கு இழுத்தாங்கள் எண்டா எங்கட கேஸ் போச்சு" என்று, படியில் கண்டதை நான் சொன்னபோதே, என் மனிசன் சமையலறையில் காதுக்குள் சொல்லியிருந்தார். நான் பொலிசிடம், நாங்கள் வீட்டில் இல்லை, விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம் என்றேன். கடவுளையும் பொய்ச்சாட்சிக்கு இழுத்தேன்.

அவன் என்ன சொன்னான்? மனைவி கடைக்குப் போகிறேன் என்று நல்லபடி வெளியே போனாள், தெருவில் முகமூடிப் பெடியள் அடித்திருப்பார்கள் என்றான். சமையலறையைச் சுத்தமாகக் கழுவியிருந்தான். உமது வீட்டிலிருந்து நீர் இரத்தத்தோடு வந்ததைக் கண்டவர் யாராவது உண்டா என்பதுதான் பொலிஸ் தேடிய ஒரே விசயம். நாலு வாசலிலும் விசாரித்தார்கள். எல்லா வீட்டிலும் வெளிச்சம் அணைந்திருந்ததாம். உமது சொல்லுக்கு எதிரே அவன் சொல் மட்டும் நின்றது. வழக்கு அப்படியே விழுந்துபோயிற்று. அவன் கைவீசிக்கொண்டு தெருவில் நடந்தான்.

ஆஸ்பத்திரியில் உமது தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச ஏலாது. ஒரு துண்டில் எழுதிக் காட்டினீர்: "வீட்டிலையோ நிண்டனீர்?"

"இல்லை. கோயிலுக்குப் போனனாங்கள்."

துண்டைப் புரட்டினீர். "சரி" என்று எழுதினீர்.

அதற்குப் பிறகும் என்னோடு பழகினீர்! அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். பெண்கள் காப்பகத்தில் இருந்தபோதும், பிறகு வெம்பிளியில் தனி அறை எடுத்தபோதும் என்னை வரச்சொன்னீர், தேத்தண்ணி ஊற்றித் தந்தீர், புதுப் பேய்ப் படங்களைப் பழித்தீர். தாடை ஒரு பக்கம் கோணிப்போய், கடினமானது எதையும் கடிக்க முடியாமல், தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றீர். நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பத்து வருடத்துக்குக் கிட்ட நீர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இந்த வருடம் நோய் முற்றி, கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தபோதுதான் கேட்டீர். என் மனிசன் காரை நிறுத்தப் போயிருந்தார்.

"அண்டைக்கு உள்ளுக்கை சிரிச்சது நீர்தானே?"

"ஓம்."

இவ்வளவு காலமும் வராத சொல், ஒரு மூச்சில் வந்துவிட்டது. அழுதேன். நீர் அழவில்லை. "நானும் சிரிச்சிருப்பன்," என்றீர். "இருட்டுக்குள்ள அப்பிடி ஒரு கை வந்தா ஆர்தான் சிரிக்காயினம்." கொஞ்சம் மூச்சு வாங்கினீர். கண்ணை மூடிவிட்டீர் என்று நினைத்து நான் எழும்பப் பார்த்தேன்.

"ஆனா பொலிசுக்குச் சொல்லியிருப்பன்."

மூன்றாம் நாள் போய்விட்டீர்.

அதன் பிறகு நான் திருந்தி, ஹலோவீனுக்குக் கதவை அகலத் திறந்து வைக்கிறேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்றும் முன்னறை இருட்டுத்தான். யாரோ தட்டினார்கள், சின்னப்பிள்ளைகளின் குரல் கேட்டது. நான் எழும்பவில்லை. பின் சமையலறையில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில், "நானும் சிரிச்சிருப்பன் எண்டு சொன்னவ" என்று என் மனிசனிடம் சொன்னேன். "பாத்தீரே, மன்னிச்சுப்போட்டா," என்றார், பெரிய பாரம் இறங்கினவர் போல. நான் ஓம் என்றேன். உமது செத்தவீட்டிலும் இரண்டு மூன்று பேரிடம் அதைச் சொன்னேன். எல்லோரும் உம்முடைய பெரிய மனசைப் புகழ்ந்தார்கள். நீர் சொன்ன மற்றப் பாதியை நான் யாருக்கும் சொல்லவில்லை. இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். நீர் சொல்லியிருப்பீர். நான் சொல்லவில்லை.