சாப்பிட்டாச்சு என்று சொன்ன வாய்

மேடம்,

இன்று காலை என் குடையில் என் பெயரை எழுதினேன். துணியின் உள்பக்கம், கைப்பிடிக்கு நேர் மேலே, வெள்ளை பெயின்ட்டில் தீக்குச்சியைத் தோய்த்து ஒவ்வோர் எழுத்தாக வைத்தேன். கொல்லையில் காயவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பிறகு பெயின்ட் வாசனைக்குள்ளிருந்து மழையில் நனைந்து காய்ந்த பழைய துணி வாசனை வந்தது. சந்தோஷம் போய்விட்டது. இது எந்தக் குடை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பி மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி, நீங்கள் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்த அதே குடைதான்.

எனக்கு இப்போது எழுத வரும், மேடம். மெதுவாகத்தான் வரும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சொல்லித்தரும் பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டுவதில் மாமியார்.

“தாத்தா, இந்தக் கொம்பு எங்க போச்சு?”

“நேத்து இருந்துச்சும்மா.”

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்போது கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்கூட நான் பெயர் படிக்காமல் என்னைத் தாண்டிப் போக முடியாது. பால் பாக்கெட், மருந்துக்கடைப் பலகை, லாரியின் பின்பக்கம் என்று எதையும் விடுவதில்லை. அதற்கு முன்பு என் கையெழுத்தை மட்டும் கோலம் போடுவதுபோல மனப்பாடமாக வரைவேன். அந்த ஒரு கோலத்தை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டே வாங்கினேன். படிக்கத் தெரிந்தவன் என்று நீங்கள் என்னை நினைத்தீர்கள். நானும் நினைக்கவிட்டேன்.

உங்கள் வரலாற்று மாணவர்களை மைசூர், ஹம்பி என்று நீங்கள் அழைத்துப் போனபோதெல்லாம் சமையலுக்கு என்னைத்தான் கூப்பிட்டீர்கள். கல்யாண வேலைகளை விட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் என்னை மாஸ்டர் என்றார்கள். நீங்கள் அண்ணே என்றீர்கள். நான் வடித்த சோற்றைப் பிள்ளைகளோடு சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பீர்கள். அப்படித்தான் ஒருநாள், “இந்த வருசம் இலங்கைக்குப் போறோம் அண்ணே. தேயிலைத் தோட்டத்துல நம்ம பக்கத்து ஜனங்க இருக்காங்க, அவுங்கள பாக்கப் போறோம். மெனு பேசணும், வீட்டுக்கு வாங்க” என்றீர்கள்.

சிதம்பரத்தில் உங்கள் வீடு எந்தத் தெருவில் என்று அதுவரை எனக்குத் தெரியாது. விசாரித்து வந்தபோது, தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நான் அப்படிப் பார்ப்பவன் இல்லை என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா வாழையிலையைக் கழுவிக் கொண்டுவந்து போட்டார்கள். நெத்திலிக் குழம்பின் வாசனை வாசல் வரை வந்தது. எனக்கு நல்ல பசி. ஆனால் வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

“சாப்புட்டுட்டுதாம்மா வந்தேன்.”

“ஒரு வாய் சாப்புடுங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க.”

“வயித்துல எடமே இல்லம்மா.”

டீக்கும் சர்க்கரை ஜாஸ்தி என்று ஒரு காரணம் சொன்னேன். உங்கள் அம்மா இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நீங்கள் மெனுவைப் பேசினீர்கள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேசி முடித்துக் கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் வந்து நின்றது.

“குடைய மறந்துட்டு வந்துட்டீங்க அண்ணே.”

குடையைப் பெஞ்சில் வைத்தீர்கள். இலையைப் பார்த்தீர்கள். போய்விட்டீர்கள். அவ்வளவுதான். மறுவாரம் நீங்கள் பயணத்துக்கு வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். என்னைத்தான் அழைத்துப் போனீர்கள்.

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? தாளிப்பு வடக உருண்டையை எடுத்து முகர்ந்த அதிகாரி ஓர் அடி பின்னால் போனார். நீங்கள் இங்கிலீஷில் ஏதேதோ விளக்கினீர்கள். அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, போங்கள் என்று கையை மட்டும் காட்டினார். பிள்ளைகள் பஸ் ஏறும்வரை சிரித்தார்கள். “மாஸ்டர் வடகம் இருந்தா விசாவே தேவையில்ல” என்று ஒருவன் சொன்னான். அதற்கடுத்த மூன்று நான்கு நாட்கள்போல என் வாழ்க்கையிலேயே நான் பெருமையாக இருந்ததில்லை. வெளிநாடு, குளிர், சுற்றிலும் பச்சை மலை. அதன் நடுவில் என் சாம்பார்.

தினமும் சாயங்காலம் மறுநாள் திட்டத்தை ஒரு தாளில் எழுதி என்னிடம் தருவீர்கள். நான் அதை யாராவது ஒரு பையனிடம் நீட்டி, “கண்ணாடி பெட்டியில இருக்குப்பா, என்ன போட்டிருக்குன்னு பாரு” என்பேன். அன்று உங்களுக்குக் காய்ச்சல். “எல்லாம் எழுதியிருக்கேன் அண்ணே, படிச்சுக்குங்க” என்று தாளைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. நேற்றுப்போலத்தானே நாளைக்கும் இருக்கும் என்று தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். தோட்டத்து ஆட்களைப் பார்த்துப் பேச நீங்கள் முன்னால் ஒரு வேனில் போய்விட்டீர்கள். பின்னால் பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்கு, மலை ஏறும் வழியிலேயே நிறுத்தி, தட்டுத் தட்டாகப் போட்டேன். போதும் மாஸ்டர் என்றவர்களையும் விடவில்லை. சமையல்காரன் கடைசியில்தான் சாப்பிடுவான். எல்லோருக்கும் போட்டு முடித்தபோது பஸ் கிளம்பிவிட்டது. நான் சாப்பிடவில்லை.

இறங்கியபோது, தோட்டத்து ஆட்கள் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளின் வாசலில் நீளமாகப் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்திருந்தது. கோழிக்கறி, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். தாளில் நீங்கள் எழுதியிருந்தது இதுதான். நாளைக்கு மதியம் சமைக்க வேண்டாம், அவர்கள் வீட்டில் சாப்பாடு.

பிள்ளைகள் பாயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். “மேடம், இப்பதான் வயிறு முட்ட சாப்புட்டோம்” என்று ஒருத்தி சொன்னாள். கரண்டியோடு நின்ற பெண்களின் முகம் அப்படியே அணைந்துபோனதைப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்ற சொல்லுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே பொருள்தான்.

நீங்கள் அந்த முகங்களை அப்படியே விட்டுவிடவில்லை. “இது எங்க பக்கம் நடந்த குழப்பம்மா. தெரியாம பஸ்ஸுல சோறு போட்டுட்டாங்க. நான் பாத்திருக்கணும், என் தப்பு” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தீர்கள். காய்ச்சல் வாயோடு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டீர்கள். மறுசோறு கேட்டீர்கள். பிள்ளைகளும் உட்கார்ந்து, முடிந்தவரை, ஒரு கை, இரண்டு கை என்று சாப்பிட்டார்கள். “சம்பல் தூக்கலா இருக்கு ஆத்தா, எப்படி அரைச்சீங்க?” என்று ஒரு பையன் கேட்க, அந்த அம்மாள் சிரித்துவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது, மேடம். நீங்கள் சரியாக்கிவிட்டீர்கள்.

அப்போதுதான் அந்த லயத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருடைய தாத்தா திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தாராம்.

“நீங்களும் ஒக்காருங்க ஐயா. ஊர்க்காரரு, நானே போடுறேன்.”

அவ்வளவு பேரிலும் வெறும் வயிற்றோடு நின்றவன் நான் ஒருவன்தான். அந்த வாய் மறுபடியும் என்னைக் கேட்காமல் சொன்னது.

“நான் சாப்புட்டாச்சுங்க.”

வயிறு முட்டச் சாப்பிட்டோம் என்று சொன்ன அதே மாணவி ஒன்றும் அறியாமல் சொன்னாள்: “நீங்க எங்க மாஸ்டர் சாப்புட்டீங்க? எங்களுக்குப் போட்டுட்டுக் கையக் கழுவிட்டு ஏறுனீங்களே.”

வயிறு சரியில்லை என்றேன். பெரியவர் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம், எனக்குக் கேட்கும் என்று தெரியாமல், அல்லது தெரிந்தே, சொன்னார்.

“விடு. அங்க அப்படித்தான்னு தாத்தா சொல்லுவாரு. அதுக்குத்தானே கப்பலேறுனாரு.”

திரும்பி வரும்போது நீங்கள் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தாளைப் படித்தீர்களா என்று கேட்டீர்கள். கண்ணாடி என்று ஆரம்பித்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படிக்கத் தெரியாது மேடம் என்றேன். முதல் தடவையாக ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

“தெரியாம செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுட்டேன் அண்ணே. அவுங்களும் விட்டுட்டாங்க. கடைசியா நீங்க சொன்னீங்களே, அதுக்கு நான் என்னன்னு சொல்லிக் கேக்கறது?”

குரல் உயரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு, மலை இறங்கும்போது, “ஊருக்குப் போனதும் எழுதப் படிக்க நான் சொல்லித் தரேன், வாங்க” என்றீர்கள். சொல்லித்தருவது என்றால் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா இலை போடுவார்கள். அடுத்த வருடம் நீங்கள் போன் செய்தபோது, முழங்கால் வலி, இனிமேல் வெளியூர் வேலைக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டேன். முழங்காலில் ஒன்றும் இல்லை. பிறகு வேறொரு இடத்தில், உங்களைவிடச் சின்னப் பெண்ணிடம், படித்தேன். நன்றாக எழுத வந்ததும் உங்களுக்கு ஒரு மடல் எழுதிக் கையிலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். கொம்பும் காலும் சரியாக வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்ட் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். முன்பெல்லாம் போஸ்டரில் படத்தைத்தான் பார்ப்பேன். இப்போது எழுத்து இருந்தால் படம் கண்ணில் படுவதில்லை. பே, ரா, சி, ரி, யர். அவ்வளவு நீளமான சொல்லை எங்கும் நிற்காமல் படித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சிரித்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அடுத்து உங்கள் பெயர். அதற்கு அப்புறம்தான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். உங்கள் சாவைச் சிரித்துக்கொண்டே படித்தவன் நான், மேடம். அதை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. தெருமுனையில் இந்தத் தடவை யாரையும் விசாரிக்கவில்லை. உங்கள் அம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தார்கள். எதிரே உங்கள் படம், விளக்கு. குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன்.

“சமையல் மாஸ்டருதானே?” என்றார்கள். நான் தலையாட்டியதும், “சாப்புட்டுட்டுதான் வந்திருப்பீங்க” என்றார்கள். அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

“இல்லம்மா. சாப்புடாமதான் வந்தேன்.”

அவர்கள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, உள்ளே போய், இலையைக் கழுவிக் கொண்டுவந்து போட்டார்கள். சோறு, ரசம், ஓர் அப்பளம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுசோறு கேட்டேன். போட்டார்கள். உங்கள் படம் நேர் எதிரே இருந்தது. நீங்கள் பார்த்திருக்க வேண்டிய சாப்பாடு அது. நீங்கள் இல்லாத வீட்டில் அதைச் சாப்பிட்டேன்.

கை கழுவிக்கொண்டு, வருகிறேன் அம்மா என்று படியிறங்கினேன். பின்னாலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

“இந்தத் தடவ குடைய மறந்துடாதீங்க.”

அப்படியானால் புரோட்டாக் கடையும் அவர்களுக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரியும். தெரிந்துதான் மறுசோறும் போட்டார்கள்.

மழை விட்டிருந்தது. ஆனாலும் குடையை விரித்து, முகம் யாருக்கும் தெரியாதபடி தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் தெருவைக் கடந்தேன். இன்றும் அதைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். இப்போது அதில் என் பெயர் இருக்கிறது.