கடல் சோம்பு

செஞ்சி
18-3-1965

என் அன்பிற்குரியவருக்கு, ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. நானும் மாமாவும் நலம். உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியவில்லை.

இத்தாலியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடல் சோம்பு விதை ஐப்பசியில் வந்து சேர்ந்தது. பாதியைக் கிணற்றடியில் எரு போட்டு விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அலை தெறிக்கும் பாறை இடுக்கில் வளர்வது என்று நீங்கள் எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். பாறைக்குச் செஞ்சியிலா பஞ்சம்? ராஜகிரி அடிவாரத்தில் கல் உடைப்பவர்களிடம் ஒரு கூடை பொடிக்கல் வாங்கி, மணலோடு கலந்து, ஓட்டைப் பானையில் நிரப்பி மீதி விதையைப் போட்டேன். மார்கழிக் குளிரில் ஏழு முளைத்தன. வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை உப்பு கரைத்து ஊற்றுகிறேன். அது தேவைதானா என்று அங்கே கேட்டு எழுதுங்கள்.

இலை விரல் விரலாகப் பிரிந்து தடிப்பாக இருக்கிறது. கசக்கினால் முதலில் ஓம வாசனை, பிறகு எலுமிச்சைத் தோல், கடைசியில் லேசாக மண்ணெண்ணெய்.

நீங்கள் உங்கள் அப்பாவின் கடையை விட்டுக் கப்பலேறி மூன்று வருடமாகிறது. மாமா உங்கள் பெயரை உச்சரித்ததே இல்லை. உங்கள் கடிதத்தை நான் பிரித்தால் எழுந்து கடைக்குப் போய்விடுவார். உங்களுக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அக்கா பானையைப் பார்த்துவிட்டு, "இன்னா செடின்னே தெரியாம வாயில வைக்காத ஆதி. விஷமா இருந்தா இன்னா பண்ணுவ?" என்றார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். கூடத்தில் இருந்த மாமா எழுந்து வந்து, ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டு நன்றாக மென்றார்.

"இளையபெருமாளு விஷத்தையா அனுப்புவான்?" என்றார்.

நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பிறகு நானும் தின்றேன். உப்பும் கார்ப்பும் கலந்த ருசி. நறுக்கித் தயிரில் போட்டேன். மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அலையடிக்கும் பாறையில் வளர்வது என்று சொன்னேன். சாப்பிட்டபடியே, அந்தப் பாறைகிட்ட அலை பெருசா அடிக்குமா, வழுக்காதா, இவன் அதுலல்லாம் ஏறுறானா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அதனால் அடுத்த கடிதத்தை அவர் பெயருக்கே எழுதுங்கள். பழைய பேச்சு ஒன்றும் வேண்டாம். அலையைப் பற்றி எழுதினால் போதும். கண்ணாடி போட்டாலும் அவருக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். அவரே படிக்கட்டும்.

பாறையில் பார்த்துக் கால் வையுங்கள்.

தங்கள்
ஆதிலட்சுமி