ஆளுக்கொரு மேசை

மட்டாஞ்சேரி,
கார்த்திகை மாதம், 1982.

அன்பு மகள் வீரலட்சுமிக்கு,

உன் அப்பா செல்லப்பா எழுதுவது. இங்கே மூன்று உயிரும் நலம். மூன்றாவது உயிர் பூனை. உனக்கு மலையாள எழுத்துதான் கண்ணுக்குப் பழக்கம், என் தமிழோ எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் மெதுவாகவே படி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். நம்முடைய கம்பெனி பஜார் ரோட்டுக் கிடங்கை விட்டு மாறுவதற்காக, தோப்பும்படிக்கு அப்பால் தென்னந்தோப்பு வாங்கியது எங்களுக்குத் தெரியும். அங்கே கட்டப்போகிற வளாகத்துக்குப் படம் போடும் வேலை பம்பாயில் உன் ஆபீசுக்கே வந்திருக்கிறது என்பதும், மிளகில் கல், தூசி பொறுக்கும் கூடத்தை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா உடனே, கூடப் பொறுக்கும் ஓமனா வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குப் பழைய சோறு.

வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து பழக வேண்டும், உடம்பும் மனதும் சுகமாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்ற இடமாகக் கட்ட வேண்டும் என்று முதலாளியே கேட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். நம் முதலாளியா? போன மாதம் நான் சாயா குடிக்கப் போய்க் கொஞ்சம் தாமதமானதற்கு அவர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போய்வந்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டார் என்று குமாஸ்தாக்கள் சொல்கிறார்கள்.

பொறுக்கும் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டிருந்தாய். எடை போடுகிறவன் என்பதால் அந்தக் கிடங்கில் நாற்காலி எனக்கு மட்டும்தான். அவர்கள் சாக்கை விரித்துத் தரையில் வட்டமாக, கூடையில் அடுக்கிய மத்தி மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். நடுவில் மிளகுக் குவியல். வெளிச்சம் ஒரே ஒரு கதவு வழியாக. சாயங்காலம் எழுந்திருக்கும்போது உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பெற்றவளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் நிமிருவாள். அவர்கள் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, என் பக்கம் முதுகுதான் தெரியும். வாய் செய்கிற வேலை மட்டும் பஜார் ரோடு முழுக்கக் கேட்கும்.

அம்மா கேட்பது இரண்டுதான். சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி, பக்கத்தில் ஒரு சன்னல். நம் மகளிடம் இதைக்கூடக் கேட்காவிட்டால் யாரிடம் கேட்பது என்கிறாள்.

ஒரு வேடிக்கை. நேற்று ரேஷன் கடையில் நான் முன்னால் போய் வரிசையில் நின்றேன். பின்னாலேயே வந்த உன் அம்மா என் தோளைத் தொட்டு, "சேட்டா, கடைசி ஆள் நீங்கதானா?" என்று மரியாதையாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. வெயிலில் கண் கூசிவிட்டது என்று பிறகு சொன்னாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. படம் போடுகிற சாக்கில் பட்டினி கிடக்காதே.

உன் படம் கட்டிடமாக எழும்ப வேண்டும் என்று காத்திருக்கும்,
அப்பா.


மட்டாஞ்சேரி,
ஆவணி மாதம், 1984.

அன்பு மகளுக்கு,

நீ திறப்பு விழாவுக்கு வர முடியாமல் போனதில் எல்லாருக்கும் வருத்தம். பேப்பரில் வந்த கட்டிடத்தின் படத்தை வெட்டி அனுப்பச் சொன்னாய். கிடைத்தது ஒரே பிரதி, அதை அம்மா தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ வளைத்துக் கட்டச் சொன்ன சுவரால் பலாமரம் பிழைத்துக்கொண்டது. அதைச் சுற்றி நீ போட்ட திண்டில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு அறை என்று நீ வைத்ததில் முதல் நாள் மானேஜர் வைத்தீஸ்வரன் தட்டை ஏந்திக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவரை போட்டோ எடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் சாப்பாடு அவர் அறைக்கே போய்விடுகிறது.

பொறுக்கும் கூடத்துக்கு வருகிறேன். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு சன்னல். அம்மா முதல் நாள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, கலெக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம் மக வரைஞ்ச நாற்காலி, பாத்து உக்காருங்கடி" என்று அன்றைக்கு முழுக்க அதிகாரம். இப்போது சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள். இந்த ஒன்றுக்காகவே நீ படித்த படிப்பு தகும்.

கூடம் அமைதியாக இருக்கிறது. மேசைக்கு மேசை தூரம், பேசுவதானால் கத்த வேண்டும். கத்தினால் சூப்பர்வைசர் நாணு திரும்பிப் பார்ப்பான். மரத்தடிக்குப் போய்ப் பேசலாம்தான், ஆனால் பொறுக்கிய எடைக்குத்தானே கூலி, யார் எழுந்து போவார்கள்? அந்தக் காலத்துச் சத்தத்தை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

அம்மா பொறுக்கும் எடை மட்டும் கொஞ்சம் குறைகிறது. சன்னல் வழியாக வேடிக்கை பார்த்தால் அப்படித்தான் என்று கேலி செய்தேன். எப்போதும் திருப்பிக் கொடுப்பவள், அன்றைக்கு எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கடைசி வார்த்தை பேசியது அன்றுதான். சந்தோஷமாக இல்லை.

பம்பாய் மழையில் நனையாதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதையே நாலு தரம் எழுதச் சொல்கிறாள். ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன், நாலாக எடுத்துக்கொள்.

உன் பெயரைச் சொல்லியே ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும்,
அப்பா.


மட்டாஞ்சேரி,
தை மாதம், 1985.

என் கண்ணே வீரலட்சுமி,

அம்மா ஓமனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். எழுதக்கூடாது என்று உத்தரவு. அவள் உத்தரவை நான் மீறுவது உனக்குப் புதுசாக இருக்கும், எனக்கும்தான்.

பொங்கல் கழிந்து அம்மா வேலைக்குப் போகவில்லை. மகள் பம்பாயில் பெரிய வேலையில் இருக்கும்போது நான் எதற்கு மிளகு பொறுக்க வேண்டும் என்று தானே நின்றுவிட்டதாக எல்லாரிடமும் சொல்கிறாள். உனக்கும் அப்படித்தான் எழுதச் சொன்னாள். நடந்தது அது இல்லை. எடை தொடர்ந்து குறைந்தது, போதாதற்கு அவள் பொறுக்கியதில் கல் கிடந்தது. நாணு என்னைத் தனியே கூப்பிட்டு, "செல்லப்பா அண்ணா, தப்பா நினைக்காதீங்க, மேலேயிருந்து சொல்லிட்டாங்க, அக்கா இனி வர வேண்டாம்" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எடை போட்டுச் சொன்னவன் நான். அவனை என்ன சொல்ல?

பழைய கிடங்கில் குறையாத எடை இங்கே ஏன் குறைகிறது என்று ஓமனாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சேட்டா, நீங்க தராசைப் பாத்தீங்க, எங்க கையை என்னிக்காவது பாத்தீங்களா? அக்கா எத்தனை காலமா தடவித் தடவித்தான் பொறுக்குது. மணி அடிக்கிறதுக்கு முன்னே இந்தப் பக்கத்திலேர்ந்து நான் பொறுக்கினதுல ஒரு பிடி அக்கா பக்கம் தள்ளுவேன், அந்தப் பக்கத்திலேர்ந்து மாடத்தி ஒரு பிடி. அக்காவோட குவியல்ல கல் கிடந்தா எங்க விரல் போய் எடுத்துடும். பிள்ளை பெத்து வந்தவளுக்கும், காய்ச்சல்காரிக்கும் நாங்க அப்படித்தான் செய்வோம். இப்ப மேசைக்கு மேசை நடந்து போயா தள்ளுறது?" என்றாள்.

இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டபோது, தோளோடு தோள் இடிக்கிறது என்று குறையாக எழுதினேன். அந்த இடிப்பில்தான் உன் அம்மாவின் கூலி இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தால் உனக்கு எழுதியிருப்பேன், நீயும் அதற்கேற்ற மாதிரி வரைந்திருப்பாய். எடை போடுகிறவனிடம் யார் சொல்வார்கள்? கட்டிக்கொண்டவளே சொல்லவில்லை.

எறணாகுளத்தில் கண் டாக்டரிடம் காட்டியாயிற்று. புரை என்றால் எடுத்துவிடலாம், இது உள்ளே நரம்பு, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள் என்றார். காலையும் ராத்திரியும் நான்தான் விடுகிறேன். ஒரு சொட்டு கண்ணில், ஒரு சொட்டு கன்னத்தில். தராசு பிடித்த கைக்கு இதுகூட வரவில்லையா என்கிறாள்.

பங்குனியில் நீ வருகிறாய் என்று வைத்தீஸ்வரன் சொன்னார். சுக்குப் பொறுக்கவும் அதே மாதிரி இன்னொரு கூடம் கட்டப் போகிறார்களாம். அதற்கு ஒன்று கேட்கிறேன். நாற்காலி இருக்கட்டும், சன்னல் இருக்கட்டும். மேசை மட்டும் ஒன்றே ஒன்று, நீளமாகவோ வட்டமாகவோ, கைக்குக் கை எட்டுகிற மாதிரி. யார் வேலை எது என்று எப்படித் தெரியும் என்று வைத்தீஸ்வரன் கேட்பார். ஜெர்மனியில் இப்படித்தான் என்று சொல்லிவிடு, அதற்குமேல் பேசமாட்டார். மாடத்திக்கும் இப்போது கை நடுங்குகிறது.

அம்மாவிடம் அந்தக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிடாதே. வேலை போனதை அவள் தாங்கிக்கொண்டாள். நீ வரைந்ததால் போனது என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் பயமெல்லாம். இன்னும் வீட்டுக்கு யார் வந்தாலும் தலையணை உறைக்குள்ளிருந்து அந்தப் பேப்பர் படத்தை எடுத்துக் காட்டுகிறாள். முந்தாநாள் மாடத்தியிடம் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். மாடத்தி அப்படியே பார்த்துவிட்டு, ரொம்ப அழகா இருக்கு அக்கா என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

உனக்குக் கோபம் வந்தால் என்மேல் காட்டு, வாங்கிப் பழகியவன். உன்மேல் மட்டும் காட்டிக்கொள்ளாதே. அவள் முதுகு நிமிர்ந்தது பொய் இல்லை.

நீ வருகிற அன்றைக்கு அவள் விடிந்ததிலிருந்து வாசலில்தான் நிற்பாள். சின்ன வயசில் செய்வாயே, சத்தம் காட்டாமல் வந்து எதிரே நின்று சிரிப்பாயே, அந்த விளையாட்டு இந்தத் தடவை வேண்டாம். தெருமுனையில் திரும்பியதுமே அம்மா என்று நீயே முதலில் கூப்பிட்டுவிடு, கண்ணே. உரக்கக் கூப்பிடு. உன்னை முதலில் பார்த்தது தான்தான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும்.

நீ எங்கே இருந்தாலும் உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அப்பா.